ஃபிரான் கிர்ஸ்தோ ஃபிராங்கோபான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோஷியாவின் பழைய 5 குனா நோட்டில் இரண்டு ஆண்களின் முகங்கள் இருக்கும். 2023 ஜனவரியில் அந்த நாடு யூரோவுக்கு மாறியபோது அந்த நோட்டு செல்லாமல் போனது. அதிலிருந்த இருவரில் இளையவர்தான் ஃபிராங்கோபான். அவரைப் பற்றி நான் எங்கே பேச ஆரம்பித்தாலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதில்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். முதலில் சுலபமானவை, போகப்போகச் சிக்கலானவை.

யாருங்க இவர்? சுருக்கமா சொல்லுங்க.

1643 மார்ச் 4-ஆம் தேதி, இன்றைய குரோஷியாவில் கார்லோவட்ஸ் நகருக்குப் பக்கத்திலுள்ள பொசில்யேவோ கோட்டையில் பிறந்த பிரபு. தந்தை வூக் கிர்ஸ்தோ, துருக்கிய எல்லையைக் காத்த கார்லோவட்ஸ் படைத் தளபதி. மகன் சாக்ரெபிலும் பிறகு இத்தாலியிலும் படித்தார். 13 வயதிலேயே லத்தீனில் ஓர் இரங்கற்பா எழுதி அச்சில் கண்டவர். ரோமாபுரியைச் சேர்ந்த ஜூலியா டி நாரோ என்ற பிரபு குலப் பெண்ணை மணந்தார்.

ஹாப்ஸ்பர்க் பேரரசர் முதலாம் லியோபோல்டுக்கு எதிரான சதியில் கைதாகி, 1671 ஏப்ரல் 30 அன்று தலை வெட்டப்பட்டு இறந்தார். அப்போது வயது 28. அவர் எழுதியதில் பெரும்பகுதியை அவர் காலத்தில் யாரும் படிக்கவில்லை. என்னை இவரிடம் இழுத்தது இந்தக் கடைசி விஷயம்தான்.

ஃபிராங்கோபான், ஃபிராஞ்சிபானி... ரெண்டும் ஒண்ணா? அந்தப் பூவுக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா?

குடும்பம் அட்ரியாட்டிக் கடலிலுள்ள கிர்க் தீவிலிருந்து வந்தது. 12-ஆம் நூற்றாண்டிலேயே தீவை ஆண்டவர்கள். முதலில் வெறும் 'கிர்க் பிரபுக்கள்' என்றுதான் பெயர். 15-ஆம் நூற்றாண்டில், தாங்கள் ரோமாபுரியின் பழம்பெரும் ஃபிராஞ்சிபானி குடும்பத்தின் கிளை என்று சொல்லி அந்தப் பெயரைச் சூடிக்கொண்டார்கள். 'ரொட்டியைப் பிட்பவர்' என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். அதனால்தான் அவர்கள் குலச் சின்னத்தில் இரண்டு சிங்கங்கள் ஒரு ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருக்கும்.

நர்சரிகளில் ஃபிராஞ்சிபானி என்று விற்கும் ஈழத்தலரிப் பூவுக்கு அந்தப் பெயர் ஒரு வாசனைத் திரவியத்தின் வழியாக வந்தது. திரவியத்துக்குப் பெயர் தந்தது அந்த இத்தாலியக் குடும்பப் பெயர். ஆக, பெயரளவில் உறவு உண்டு. நம் கவிஞருக்கும் பூவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

ஸ்ரின்ஸ்கின்னு எத்தனை பேர் வராங்க! யார் யார்னு பிரிச்சுச் சொல்லுங்க.

மூன்று பேரை நினைவில் வைத்தால் போதும். முதலாமவர் 1566-இல் சிகெத்வார் கோட்டையைச் சுல்தான் சுலைமானின் படையிடமிருந்து காத்துச் செத்த நிகோலா ஸ்ரின்ஸ்கி. அவருடைய கொள்ளுப்பேரன்கள் மற்ற இருவர். மூத்தவர் இன்னொரு நிகோலா. குரோஷியாவின் 'பான்', அதாவது ஆளுநர், ஹங்கேரிய மொழியில் பெரிய கவிஞர். 1664 நவம்பரில், ஸ்ரின்ஸ்கிகளின் கோட்டை இருந்த சாகோவெட்ஸ் அருகே வேட்டைக்குப் போன இடத்தில் காட்டுப்பன்றி தாக்கி இறந்தார். இளையவர் பெதார். அண்ணனுக்குப் பின் பான் பதவிக்கு வந்தவரும், ஃபிராங்கோபானோடு சேர்ந்து கொல்லப்பட்டவரும் இவர்தான். நோட்டிலிருக்கும் இன்னொரு முகம் இவருடையது.

பெதாரின் மனைவி கத்தரினா, ஃபிரான் கிர்ஸ்தோவின் மாற்றாந்தாய் வழி அக்காள். ஏறத்தாழ 18 வயது மூத்தவர். அந்த வீட்டில் எழுதாதவர் யாருமில்லை. பெதார் தன் அண்ணனின் ஹங்கேரியக் காவியத்தைக் குரோஷிய மொழியில் ஆக்கி 1660-இலும், கத்தரினா ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தை 1661-இலும் வெனிஸில் அச்சிட்டார்கள்.

அப்போ குரோஷியா தனி நாடா? பேரரசருக்கும் இவங்களுக்கும் என்ன உறவு?

தனி அரசு என்ற பெயர் இருந்தது, தனி மன்னர் இல்லை. 1527-இல் குரோஷியப் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் குடும்பத்து ஃபெர்டினாண்டைத் தங்கள் மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். துருக்கியரிடமிருந்து காப்பாற்றுவார் என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு அது. நாட்டுக்குச் சொந்தப் பேரவையும் பானும் இருந்தாலும், எல்லைப் பகுதியை ஹாப்ஸ்பர்க் தலைநகரான வியன்னா தன் ஜெர்மானியத் தளபதிகளைக் கொண்டு நேரடியாக ஆண்டது. சொந்த நிலத்திலேயே அதிகாரம் கைநழுவிப் போவதை இந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

துருக்கியரைத்தான் ஜெயிச்சாச்சே, அப்புறம் ஏன் சொந்த மன்னர் மேலேயே கோபம்?

ஜெயித்த பிறகு நடந்ததுதான் கோபத்துக்குக் காரணம். 1664 ஆகஸ்ட் 1-ஆம் தேதி செயின்ட் காத்தார்டு போரில் பேரரசரின் படை துருக்கியரைத் தோற்கடித்தது. இழந்த கோட்டைகளை இனி மீட்டுவிடலாம் என்று, அதே மன்னரின் கீழிருந்த ஹங்கேரியரும் குரோஷியரும் காத்திருந்தார்கள். ஆனால் பத்தே நாளில், ஆகஸ்ட் 10 அன்று, வாஷ்வாரில் லியோபோல்டின் தூதர் 20 ஆண்டு சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டார். துருக்கியர் பிடித்த முக்கியக் கோட்டைகள் அவர்களிடமே இருந்துவிட்டன. ஸ்ரின்ஸ்கிகள் சொந்தச் செலவில் கட்டி, அந்தப் போரில் தரைமட்டமான நோவி ஸ்ரின் கோட்டையைத் திரும்பக் கட்டக் கூடாது என்றும் முடிவானது. போதாததற்கு, சுல்தானுக்கு 2,00,000 ஃபுளோரின் பெறுமான அன்பளிப்பு வேறு.

பேரரசரின் கணக்கு வேறு. மேற்கே பிரான்சின் பதினான்காம் லூயி பலமாகி வந்தார். ஸ்பெயினின் வாரிசுப் பிரச்சினை எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும் நிலை. இரண்டு பக்கமும் சண்டை போட முடியாது என்று வியன்னா நினைத்தது. அரசியலாகப் பார்த்தால் அது புரிகிறது. ஆனால் எல்லையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டாருக்கு அது எப்படிப் புரியும்?

அந்தச் சதி என்னதான்? துருக்கியரோட சண்டை போட்டவங்க அதே சுல்தான்கிட்டயே உதவி கேட்டாங்களாமே?

உண்மைதான். இதைக் கேட்டதும் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் சுல்தான் கடைசிப் புகலிடம், முதல் தேர்வு இல்லை. முதலில் ஹங்கேரியின் பெரிய பிரபுக்கள் வெஷ்ஷெலேன்யி, நாடாஸ்டி போன்றோரும் பெதாரும் சேர்ந்து பிரான்சிடம் போனார்கள். கத்தரினாவே வெனிஸில் பிரெஞ்சுத் தூதரிடம் பேசினார். வியன்னாவிலிருந்த பிரெஞ்சுத் தூதர் கிரெமோன்வில் ஆசை காட்டிக்கொண்டே இருந்தார். 1668 ஜனவரியில் அதே கிரெமோன்வில், ஸ்பெயினின் சொத்தைப் பங்குபோடுவது பற்றி லியோபோல்டோடு ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதோடு பிரான்சுக்கு இவர்கள் தேவையில்லாமல் போனார்கள்.

அதன் பிறகுதான் பெதார் தன் ஆளான புகோவாச்கியை சுல்தான் நான்காம் மெஹ்மெதிடம் அனுப்பினார். அங்கே சுல்தானின் தலைமை மொழிபெயர்ப்பாளர் பனயோட்டிஸ் நிகூசியோஸ், விஷயத்தை அப்படியே பேரரசரின் தூதருக்குச் சொல்லிவிட்டார். சதிகாரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே வியன்னாவின் கையில் எல்லாம் இருந்தது.

இதுல ஃபிராங்கோபான் பங்கு என்ன? அக்கா புருஷனுக்காகத்தானே மாட்டிக்கிட்டார்?

பாதி உண்மை. சதி தொடங்கியபோது அவர் இருபதைத் தாண்டிய இளைஞர். பெரியவர்களின் பேச்சுவார்த்தைகளில் முன்னால் நின்றவர் இல்லை. ஆனால் கடைசிக் கட்டத்தில் அவர்தான் களத்தில் இறங்கினார். 1670 மார்ச்சில் படை திரட்ட சாக்ரெப் போனார். எல்லைப் பகுதி வீரர்களைத் தம் பக்கம் இழுக்கப் பார்த்தார். ஆயரும் மற்ற பிரபுக்களும் பேரரசரின் பக்கம் நின்றுவிட்டார்கள். எல்லை வீரர்களும் அசையவில்லை.

யாரோ இழுத்ததால் விழுந்த அப்பாவி என்று அவரைச் சொல்வது அவருக்கு மரியாதை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எதைச் செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார். நிதானமில்லாமல், தேவையான ஆள்பலம் இல்லாமல் செய்தார் என்பது வேறு விஷயம்.

தப்பிச்சு ஓடாம ஏன் வியன்னாவுக்கே போனாங்க?

மன்னிப்பு கிடைக்கும் என்று நம்பினார்கள். எழுச்சி பிசுபிசுத்ததும் பெதார் ஒரு பாதிரியாரைத் தூது விட்டார். மகன் இவான் அந்தூனைப் பிணையாக அனுப்பினார். எந்த நிபந்தனையையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று வெற்றுக் காகிதத்தில் கையெழுத்திட்டும் கொடுத்தார். நேரில் வந்து பணிந்தால் பேரரசர் கருணை காட்டுவார் என்பது அவருக்குக் கிடைத்த பதில். அதற்குள் பேரரசரின் படை சாகோவெட்ஸை நோக்கி வந்துகொண்டிருந்தது. 1670 ஏப்ரலில் இருவரும் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி, தாங்களாகவே வியன்னாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே காவலில் வைக்கப்பட்டு, பிறகு வீனர் நொய்ஷ்டாட் நகரச் சிறைக்கு மாற்றப்பட்டார்கள்.

விசாரணை முறைப்படி நடந்ததா?

இதுதான் அன்றும் இன்றும் வாதம். ஹங்கேரிய, குரோஷியச் சட்டப்படி ஒரு பிரபுவை அவர் நாட்டவரே விசாரிக்க வேண்டும். இவர்களை விசாரித்தது வியன்னா அமைத்த ஆஸ்திரிய நீதிமன்றம். பேரரசர் தரப்பில் வலுவான ஆதாரம் இருந்தது, அதை மறுக்க முடியாது. சுல்தானுக்குப் போன தூதும் ஃபிராங்கோபான் எழுதிய கடிதங்களும் அதில் அடக்கம். குற்றம் நடந்ததா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விசாரிக்கும் உரிமை அந்த நீதிமன்றத்துக்கு இருந்ததா என்பதில் இருக்கிறது.

தீர்ப்பு: சொத்துப் பறிமுதல், வலக்கையை வெட்டிய பின் தலையை வெட்டுதல். கருணை மனுக்களால் உயிர் மிஞ்சவில்லை. கையை வெட்டுவது மட்டும் தள்ளுபடியானது. வீனர் நொய்ஷ்டாட் ஆயுதக் கிடங்கின் முற்றத்தில் இருவரையும் கொன்றார்கள். அதே நாளில் வியன்னாவில் நாடாஸ்டியின் தலையும் விழுந்தது. முந்தின நாள் பெதார் மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதம் 'என் அன்பு இதயமே' என்று தொடங்கும். குரோஷியப் பிள்ளைகளுக்கு இன்றும் தெரிந்த கடிதம் அது.

சரி, கவிதைக்கு வருவோம். இவர் எங்கே, எப்போ எழுதினார்?

எழுத்தில் கணிசமான பகுதி அந்தக் கடைசி ஓராண்டுச் சிறைவாசத்தில் உருவானது என்பதே ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. முக்கியத் தொகுப்பின் பெயர் 'கார்ட்லிட்ஸ் ஸா சாஸ் கிராதிதி'. 'பொழுதைக் குறைக்க ஒரு சின்னத் தோட்டம்' என்று சொல்லலாம். நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். இன்னொரு கைப்பிரதியில் விடுகதைகள். அதன் தலைப்பிலும் நேரத்தைக் குறைக்க என்றே இருக்கிறது. ஓய்வாக மாளிகையில் இருப்பவன் இப்படித் தலைப்பு வைத்தால் அது வெறும் வழக்கம். கதவுக்கு வெளியே காவலாளி நிற்க, தீர்ப்பு எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பவன் வைத்தால் அந்தச் சொல்லின் கனம் மாறிவிடுகிறது. முதன்முதலில் அந்தத் தலைப்பின் பொருள் தெரிந்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அந்தக் கைப்பிரதிகள் எப்படித் தப்பிச்சது?

வழக்குக் காகிதங்களோடு சேர்ந்து வியன்னாவின் ஆவணங்களில் கிடந்தன. யார் அவரைக் கொன்றார்களோ அவர்களுடைய கோப்புக் கட்டுதான் அவருடைய கவிதையையும் காத்தது. 1871-இல், அவர் செத்துச் சரியாக 200 ஆண்டுகள் கழித்து, இவான் கோஸ்த்ரென்சிச் என்ற அறிஞர் சாக்ரெபில் அதைப் பதிப்பித்தார்.

பதிப்பித்தவர் தலைப்பை 'வர்திச்' என்று மாற்றிவிட்டார். அதற்கும் பொருள் சின்னத் தோட்டம்தான். 'கார்ட்லிட்ஸ்' ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது, 'வர்திச்' சுத்த ஸ்லாவியச் சொல். நாட்டுத் தியாகியின் புத்தகத்துக்கு ஜெர்மன் வாடை வீசும் பெயர் அந்தக் காலத்தவருக்குப் பொருத்தமாகப் படவில்லை போலும். பிற்காலத்தில் அவர் வைத்த பெயரே திரும்ப வந்தது. அவர் வாயில் இருந்த சொல் அது, அதை எடுத்திருக்கக் கூடாது.

எல்லாம் வீரப் பாட்டுதானே? புரட்சிக்காரர் ஆச்சே.

இல்லவே இல்லை. இந்தத் தவறான எண்ணத்தைப் போக்கவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். தொகுப்பில் பெரும்பாலும் காதல் பாட்டுகள். காதலியைக் காணாமல் நெஞ்சம் வாடுவது, மன்மதனிடம் முறையிடுவது, நிலையாமையை நினைத்துக் கலங்குவது. 'பூக்களை எண்ணிப் பார்த்தலும் துயரப் புலம்பலும்' என்று ஒரு பாட்டுக்கே தலைப்பு. நாட்டுப்புற வாய்ப்பாட்டின் சாயலில் எழுதியவையும் உண்டு.

போர்ப் பாட்டும் இருக்கிறது, 'படைக்கு அழைப்பு' என்ற பொருளில் 'பொஸ்வான்யே நா வோய்ஸ்கு'. எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி அதில்தான் வருகிறது: 'நாவிக் ஓன் ஷீவி கி ஸ்கினே பொஷ்தெனோ'. 'மானத்தோடு மடிந்தவன் என்றென்றும் வாழ்வான்.'

அந்த வரியைத் தலை வெட்டறதுக்கு முன்னாடி சொன்னாராமே?

அது கவிதை வரி, மேடையில் சொன்ன வாசகம் இல்லை. அவருடைய சாவு அந்த வரிக்கு அப்படியே பொருந்திவிட்டதால் மக்கள் மனத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. முன் பதிலில் சொன்னதுபோல, ஒரு படைப் பாடலுக்குள் வருவது அது.

என்ன மொழியில எழுதினார்? இன்றைய குரோஷியருக்குப் புரியுமா?

குரோஷிய மொழியில் மூன்று பெரிய வட்டார வழக்குகள். 'என்ன?' என்று கேட்க ஒன்றில் 'சா', இன்னொன்றில் 'காய்', மூன்றாவதில் 'ஷ்தோ'. அந்தச் சொல்லை வைத்தே வழக்குகளுக்குப் பெயர்: சாகவியன், காய்கவியன், ஷ்தோகவியன். ஸ்ரின்ஸ்கி, ஃபிராங்கோபான் குடும்பங்களின் நிலங்கள் கடற்கரையிலிருந்து உள்நாட்டுச் சமவெளி வரை பரவியிருந்ததால் மூன்றும் அந்த வீட்டு முற்றத்தில் புழங்கின. அவர்கள் மூன்றையும் கலந்தே எழுதினார்கள். குபா ஆற்றங்கரையிலுள்ள ஓசல் கோட்டையின் பெயரால் இதை 'ஓசல் இலக்கிய வட்டம்' என்பார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் பொதுமொழி ஷ்தோகவியனை அடிப்படையாக வைத்தே அமைந்தது. அதனால் இன்றைய வாசகருக்கு அடிக்குறிப்பு தேவைப்படும். மூன்று வழக்குகளும் சேர்ந்த ஒரு பொதுமொழி வளர்ந்திருக்கக்கூடும். 1671-இல் அதைப் பேணிய வீடே இல்லாமல் போனது.

மோலியரை மொழிபெயர்த்தார்னு ஒருத்தர் சொன்னார். நம்பலாமா?

நம்பலாம். மோலியர் அதே காலத்துப் பிரெஞ்சு நாடக ஆசிரியர். பணக்காரக் குடியானவன் ஒருவன் பிரபு வீட்டுப் பெண்ணைக் கட்டிப் படும் பாட்டைச் சொல்லும் 'ஜார்ஜ் டான்டின்' நாடகம், முதலில் மேடையேறியது 1668-இல். மூன்றே ஆண்டுக்குள் இறந்துபோன ஃபிராங்கோபானின் காகிதங்களில் அதன் தொடக்கப் பகுதி 'யர்னே பொகாதி', அதாவது 'பணக்கார யர்னே' என்ற பெயரில் இருந்தது. ஸ்லோவேனிய வாடை கலந்த கிராமத்துப் பேச்சில் ஆக்கியிருக்கிறார். மோலியரின் மிகப் பழைய மொழிபெயர்ப்புகளில் ஒன்று இது. பிரபுக்களின் பவிசைக் கேலி செய்யும் நாடகத்தைத் தேர்ந்தெடுத்தவர் 500 ஆண்டுப் பெருமை கொண்ட குடும்பத்தின் வாரிசு என்பதை மறக்காதீர்கள்.

அவர் போன பிறகு குடும்பம் என்ன ஆச்சு?

நிலங்களும் கோட்டைகளும் பறிமுதலாகி, உள்ளிருந்த பொருள்கள் சூறையாடப்பட்டன. ஜூலியா இத்தாலிக்குத் திரும்பினார். பிள்ளைகள் இல்லாததால் இந்தக் கிளை ஃபிரான் கிர்ஸ்தோவோடு முடிந்தது. கத்தரினாவை கிராட்ஸ் நகர மடத்தில் அடைத்து வைத்தார்கள், 1673 நவம்பரில் அங்கேயே இறந்தார். பிணையாகப் போன மகன் இவான் அந்தூனும் நெடுங்காலம் சிறையில் கிடந்து 1703-இல் செத்தார். பெதார், கத்தரினாவின் மகள் யெலேனா மட்டும் வேறு மாதிரி. முகாச்சேவோ கோட்டைக்குள் இருந்துகொண்டு 1685 முதல் 1688 வரை ஹாப்ஸ்பர்க் படையை எதிர்த்து நின்றார்.

இப்போ அவர் உடல் எங்கே இருக்கு?

இருவரையும் முதலில் வீனர் நொய்ஷ்டாட்டிலேயே புதைத்தார்கள். அங்கே வைத்த லத்தீன் கல்லில், 'குருடன் குருடனுக்கு வழிகாட்டியதால் இருவரும் இந்தக் குழியில் விழுந்தார்கள்' என்று பொறித்தார்கள். ஃபிராங்கோபானின் பெயருக்குப் பக்கத்தில் 'குடும்பத்தின் கடைசி ஆள்' என்றும் இருக்கிறது. செத்த பிறகும் விடாத வன்மம் அது.

ஹாப்ஸ்பர்க் பேரரசு 1918-இல் உடைந்தது. அடுத்த ஆண்டே 'குரோஷிய டிராகன் சகோதரர்கள்' என்ற சங்கத்தார் எலும்புகளைக் கொண்டுவந்து, ஏப்ரல் 30 அன்று, அதே நினைவு நாளில், சாக்ரெப் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2020 நிலநடுக்கத்தில் அந்தப் பேராலயம் பலத்த சேதம் அடைந்தது.

கடைசியா, இவர் விடுதலைப் போராளியா, தன் சொத்துக்காகச் சண்டை போட்ட பிரபுவா?

இன்றைய அர்த்தத்தில் 'தேச விடுதலை' என்ற எண்ணம் அன்று இல்லை. அவர்கள் காத்தது பிரபுக்களின் உரிமை, குடும்ப நிலம், பழைய சட்டம். அவர்கள் நிலத்தில் உழுத குடியானவனுக்கு அந்தச் சதியில் இடமில்லை. தியாகி என்ற பட்டம் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. அதே நேரத்தில், வியன்னாவின் அதிகாரம் எல்லா உரிமைகளையும் விழுங்கி வருகிறது என்று அவர்கள் கண்டது பொய்யில்லை. சதி முறிந்ததும் ஹங்கேரியின் சட்ட உரிமைகளை லியோபோல்ட் முடக்கியதே அதற்குச் சாட்சி. நான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். இரண்டுமே அவர்தான்.

அவர் கவிதைகள்ல நிறைய ஜெர்மன் காப்பின்னு படிச்சேன். அப்புறம் எதுக்குக் கவிஞர்னு கொண்டாடணும்?

கியோர்க் கிரெஃப்லிங்கர் என்ற ஜெர்மன் கவிஞரின் பாடல்களிலிருந்து பலவற்றை எடுத்து ஆண்டிருக்கிறார். ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டிவிட்டார்கள், மறைக்க ஒன்றுமில்லை. பரோக் கலைப்பாணி ஓங்கியிருந்த அந்த 17-ஆம் நூற்றாண்டில் இது திருட்டு ஆகாது. நல்ல பாட்டைத் தன் மொழிக்குக் கொண்டுவருவதும் எழுதுவதாகவே எண்ணப்பட்டது. பெதார், கத்தரினா இருவரின் புத்தகங்களும்கூட மொழியாக்கத்திலிருந்து பிறந்தவைதான்.

எனக்கு முக்கியம் அவர் எதை எடுத்தார் என்பதும், எந்தப் பேச்சில் அதை வைத்தார் என்பதும். ஜெர்மன் பாட்டு அவர் கையில் ஓசல் முற்றத்துப் பேச்சாக மாறுகிறது. குரோஷிய மொழி தெரிந்தவர் யாராவது பழக்கமென்றால் மேலே சொன்ன பூக்கள் பாட்டை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை, காதில் விழட்டும். அதன் பிறகு விடுகதைகளுக்குப் போங்கள்.